கேக் எங்கே போகிறது?

எங்கள் அடுக்ககத்துக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு மினி லாரி வரும். பெங்களூரு சர்ஜாபூர் ரோட்டில் வரிசையாக நிற்கும் பெரிய அடுக்ககங்களில் எதன் அடித்தளத்துக்கு இறங்கினாலும், கார்களைத் தாண்டி ஒரு மூலையில் எஸ்டிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், உறுமிக்கொண்டிருப்பது கேட்கும். குளித்தது, துவைத்தது, பாத்திரம் கழுவியது, கழிப்பறையில் போனது எல்லாம் அங்கே சேர்ந்து, சுத்தமாகி, ஃபிளஷுக்கும் செடிகளுக்கும் திரும்பி வரும். சங்கக் கூட்டத்தில் இந்தத் தண்ணீரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். மஞ்சளாக வருகிறது, வாடை அடிக்கிறது, கரண்ட் பில் எகிறுகிறது. ஆனால் கடைசியில் மிஞ்சுகிற கறுப்புக் கசடைப் பற்றி யாரும் வாயைத் திறந்ததில்லை. அதை ஃபில்டர் பிரஸ்ஸில் அமுக்கித் தண்ணீரைப் பிழிந்து, சாக்கில் கட்டி வைப்பார்கள். எஸ்டிபி ஆட்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'கேக்'. செவ்வாய்க்கிழமை லாரி ஏற்றிப் போவது அதைத்தான்.

எஸ்டிபி பொறுப்பு என் தலையில் விழுந்த வருஷம், லாரிக்காரரிடம் கேட்டேன். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், தமிழிலேயே பேசுவார்.

"இதெல்லாம் எங்கண்ணா போகுது?"

"தோட்டத்துக்கு சார். நல்ல எரு."

அவ்வளவுதான். வண்டி கிளம்பிவிட்டது.

அவர் பொய் சொல்லவில்லை. நல்ல எருதான். எந்த ஊர்க் கசடு, எந்த மண், என்ன பயிர், எத்தனை வருஷமாகக் கொட்டுகிறார்கள் என்று தெரிந்தால் அதை நானும் தைரியமாகச் சொல்வேன்.

கசடு எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். இன்று உலகம் முழுக்க ஓடும் சுத்திகரிப்பு நிலையங்களில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை, 1914இல் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் வெளியிட்ட முறை. கழிவுநீருக்குள் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் பாக்டீரியாக்கள் பெருகி, அழுக்கைத் தின்று, பஞ்சுத் திரள்போல ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படியும். மேலே தெளிந்த நீர் நிற்கும். அடியில் படிந்ததில் ஒரு பங்கைத் திரும்பத் தொட்டிக்குள் விடுவார்கள், பாலுக்கு உறை ஊற்றுவதுபோல. மிச்சம்தான் கசடு. பாக்டீரியாக்களின் உடல்களும், அவற்றில் ஒட்டிக்கொண்ட எல்லாமும்.

அளவு எவ்வளவு என்று கேட்டால், தோராயக் கணக்கு இது: 10 லட்சம் லிட்டர் கழிவுநீரைச் சுத்தம் செய்தால் 200 கிலோவுக்குக் குறையாமல் உலர்ந்த கசடு மிஞ்சும். ஆனால் அது உலர்ந்து வெளியே வருவதில்லை. நன்றாகப் பிழிந்த கேக்கிலும் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். ஆக 10 லட்சம் லிட்டருக்கு ஒரு டன் கேக். பெங்களூரு குடிநீர் வாரியத்தின் நிலையங்களுடைய கொள்ளளவு மட்டுமே நாளொன்றுக்கு 100 கோடி லிட்டரைத் தாண்டும். அவை முழுக்க ஓடினால் தினமும் ஆயிரம் டன், அதாவது நூறு டிப்பர் லோடு. எங்களைப் போன்ற அடுக்ககங்களின் சாக்குகள் இந்தக் கணக்கில் இல்லை.

தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்றால் அழுக்கு அழிந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஒரு பகுதி அழிவது உண்மைதான்; பாக்டீரியா தின்றதில் பாதிபோலக் கரியமில வாயுவாகப் போய்விடும். மற்றதெல்லாம் இடம்தான் மாறுகிறது. நீரில் கரைந்தே கிடப்பவை, அதாவது உப்பும் சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) தண்ணீரோடு போய்விடும். எதிலாவது ஒட்டிக்கொள்ளும் குணமுள்ளவை கசடோடு இறங்கும். மணிச்சத்து (பாஸ்பரஸ்), உலோகங்கள், புழு முட்டைகள், எண்ணெய்ப் பிசுக்கு, சில மருந்துகள், பாலியஸ்டர் துணியிலிருந்து உதிர்ந்த நுண்ணிழைகள் எல்லாம் இந்தப் பக்கம். ஆகவே எஸ்டிபி எவ்வளவு ஒழுங்காக ஓடுகிறதோ, தண்ணீர் அவ்வளவு சுத்தம். கசடு அவ்வளவு கனம்.

இந்த ஊரில் நடந்த சண்டைகள் எல்லாமே தண்ணீர்ப் பக்கத்துச் சண்டைகள்தான். பெல்லந்தூர் ஏரியில் நுரை பொங்கியது, தீப்பிடித்தது. உலகமே படம் பார்த்தது. அந்த நீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் இறங்கி ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரையாக நிற்கும்போது தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் வரும். கோரமங்கலா - சல்லகட்டா பள்ளத்தாக்கின் சுத்திகரித்த நீரை, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்ற இலக்கோடு, 2018 முதல் கோலார் ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். பாக்டீரியாவோடு நின்றுவிடும் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு போதுமா, அதற்கும் மேல் மெருகேற்றும் மூன்றாம் நிலை வேண்டாமா என்று அதற்கு வழக்கு, போராட்டம் எல்லாம் நடந்தது. நியாயமான கேள்விகள்தான். ஆனால் மூன்றாம் நிலை வைத்தால் இன்னும் கொஞ்சம் கசடு கூடுதலாக வருமே, அது எங்கே போகும் என்று கேட்டவர்களை நான் பார்க்கவில்லை. நுரை கண்ணுக்குத் தெரியும். மண்ணோடு உழுதுவிட்ட கசடு தெரியாது.

சரி, விவசாயி ஏன் இதை வாங்குகிறார்? ஏரி வண்டலை வயலில் அடிப்பது நம் பக்கத்தில் பழைய பழக்கம். கறுப்பாக, பிசுபிசுவென்று வரும் இந்தக் கசடைப் பார்த்தால் வண்டலின் ஞாபகம்தான் வரும். சத்தும் குறைவில்லை. நன்கு செரித்த கசடில், உலர் எடையில், தழைச்சத்தாகிற நைட்ரஜன் சுமார் 4 சதவீதம், மணிச்சத்தாகிற பாஸ்பரஸ் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். இடத்துக்கு இடம் ஏறும், இறங்கும். ஏக்கருக்கு 4 டன் உலர் கசடு போட்டால் 160 கிலோ தழைச்சத்தும் 80 கிலோ பாஸ்பரஸும் போட்டதாகும். தழைச்சத்து யூரியாபோல உடனே கிடைக்காது; முதல் வருஷத்தில் நான்கில் ஒரு பங்கு கிடைத்தால் அதிகம். மிச்சம் மெதுவாக அவிழும். இந்திய மண்ணில் பரவலாகக் குறையும் துத்தநாகமும் இதில் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியம், மட்கு. பெங்களூரைச் சுற்றியுள்ள செம்மண் தண்ணீரைப் பிடித்து வைக்காது. தொழு உரம் போட்டு வந்த மாடுகள் குறைந்துவிட்டன. அங்கே ஒரு லோடு கசடு விழுந்தால் அடுத்த மழைக்கே வித்தியாசம் தெரியும். சாம்பல் சத்து மட்டும் இதில் தேடினாலும் கிடைக்காது, அது தண்ணீரோடு போயாயிற்று. வாழைக்காரர் பொட்டாஷைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

பெங்களூரின் ஓரங்களில் இது புதுசும் இல்லை. பாதாளச் சாக்கடை போய்ச் சேராத இடங்களில் கழிவுக்குழிகளை உறிஞ்சி எடுக்கும் லாரிகள், 'ஹனி சக்கர்' என்று செல்லமாக அழைக்கப்படுபவை, வெகுநாளாகத் தோட்டங்களில் கொட்டி வருகின்றன. பள்ளம் வெட்டி ஊற்றி, மாதக்கணக்கில் காயவிட்டு, தூளானதும் வெட்டி எடுத்துத் தென்னைக்கும் வாழைக்கும் போடுவார்கள். உரச் செலவு மிச்சம் என்பதால் சில விவசாயிகளே லாரியைக் கூப்பிடுவார்கள். சட்டத்தின் கண்ணில் படாமல் நடந்த இந்த வியாபாரத்துக்கு ஒரு ஒழுங்கு கொடுக்கும் முயற்சிதான் விமான நிலையத்துக்கு அருகே தேவனஹள்ளியில் 2015இல் வந்த மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம். அங்கே செரித்துக் காய்ந்த கசடை ஊர்க் குப்பையோடு சேர்த்து மட்கவைத்து எருவாக்கும் முறையைக் கையாண்டார்கள். நாட்டில் இந்த வகையில் முன்னோடி என்று அதைச் சொல்வார்கள்.

இனி கெடுதல் பக்கம். எல்லாக் கெடுதலும் ஒரே மாதிரி அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆயுள் இருக்கிறது.

வாடை சில நாள். ஈ மொய்ப்பது சில வாரம். வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு கிருமிகள் வெயிலிலும் வறட்சியிலும் வாரங்கள், மாதங்களில் செத்துவிடும். குடலில் வாழும் நாக்குப்பூச்சியின் முட்டை மட்டும் விடாப்பிடியானது. தடித்த ஓட்டுக்குள் மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஒரு கிராம் உலர் கசடில் புழு முட்டை ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. முட்டையைக் கொல்லச் சூடு போதும்: குவியலாகப் போட்டு 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள் வைத்து, அதற்குள் ஐந்து முறை புரட்ட வேண்டும் என்பது அமெரிக்க விதி. குவியல் நடுவில் கைவைக்க முடியாத சூடு என்று புரிந்துகொண்டால் போதும். அகமதாபாத்தில் வேறு வழி பிடித்தார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தொழில்நுட்பத்தோடு, உலர்ந்த கசடைக் கோபால்ட்-60 கதிர்வீச்சில் காட்டிக் கிருமி நீக்கி, பிறகு மண்ணுக்கு நல்லது செய்யும் பாக்டீரியாக்களைச் சேர்க்கும் நிலையம் 2019இல் திறக்கப்பட்டது. நாளுக்கு 100 டன் கொள்ளளவு. கதிர்வீச்சு என்றதும் கசடே கதிரியக்கமாகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அப்படி ஆகாது. எக்ஸ்ரே எடுத்த கை கதிரியக்கம் ஆகிவிடுவதில்லையே.

ஆக, கிருமிக்கு விடை இருக்கிறது. செலவும் பொறுமையும்தான் வேண்டும். சூடும் கதிரும் தொடாத ஒன்று இருக்கிறது: உலோகம்.

விருஷபாவதி ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பசவனகுடி நந்தி கோயில் பக்கம் பிறந்ததால் அந்தப் பெயர். இன்று மைசூர் ரோட்டை ஒட்டி ஓடும் சாக்கடை என்றுதான் பலருக்கும் தெரியும். பீன்யா தொழிற்பேட்டைப் பக்கத்திலிருந்தும் வழியெங்கும் உள்ள பட்டறைகளிலிருந்தும் முலாம் பூசும் கழிவு வீட்டுக் கழிவோடு கலந்து ராமநகரம் பக்கத்துப் பைரமங்கலா ஏரிக்குப் போகிறது. குரோமியம், நிக்கல், துத்தநாகம், கொஞ்சம் காட்மியம். இந்த நீரில் விளைந்த காய்கறிகளில் உலோகம் ஏறியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இப்படிப்பட்ட கழிவு ஒரு எஸ்டிபிக்குள் நுழைந்தால் வெளியே வரும் கசடும் அதே கலவைதான், இன்னும் செறிவாக.

காட்மியம் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஜப்பானின் டோயாமா மாகாணத்தில் சுரங்கக் கழிவு கலந்த ஜின்சு ஆற்று நீரில் நெல் விளைவித்தார்கள். அந்த அரிசியைத் தின்றவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, எலும்பு மெலிந்து, இருமினால்கூட எலும்பு முறிந்தது. 'வலிக்குது வலிக்குது' என்ற பொருளில் 'இதாய்-இதாய்' என்றே நோய்க்குப் பெயர். 1968இல் அரசு அதைச் சூழல் மாசால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. நெல் வாடவே இல்லை என்பதுதான் இதில் பயங்கரம். ஈயத்தை வேர் அவ்வளவாக மேலே ஏற்றாது, செம்பு அதிகமானால் பயிரே கருகிக் காட்டிக்கொடுத்துவிடும். காட்மியம் பயிரைக் கெடுக்காத அளவிலேயே தின்பவரைக் கெடுக்கும்.

எங்கள் கேக்கைப் போட்டால் என்ன ஆகும் என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நம் நாட்டில் நகர உரத்துக்கு உள்ள உச்சவரம்பு, உலர் கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராம். கசடு சரியாக அந்த வரம்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 4 டன் போட்டால் 20 கிராம் காட்மியம். ஒரு ஏக்கரின் மேல் அரை அடி மண் கிட்டத்தட்ட 900 டன். ஆக ஒரு வருஷத்தில் மண்ணின் கிலோவுக்கு ஏறுவது 0.02 மில்லிகிராம். மாசுபடாத மண்ணிலேயே இயல்பாக 0.1 முதல் 0.5 வரை இருக்கும் என்பதால் பதறத் தேவையில்லை. பத்து வருஷம் போட்டால்தான் 0.2 கூடும். அதே கசடு அமெரிக்காவின் 1993ஆம் ஆண்டு விதியில் கட்டுப்பாடில்லாமல் விற்க அனுமதிக்கப்படும் அளவான 39 மில்லிகிராமில் இருந்தால்? வருஷத்துக்கு 0.17. மூன்றே வருஷத்தில் மண்ணின் இயல்பு அளவு இரட்டிப்பாகிவிடலாம். பத்து வருஷம் என்பது ஒரு விவசாயிக்கு நீண்ட காலம் இல்லை. போட்டதை மண்ணிலிருந்து திரும்ப எடுக்க, செலவைப் பார்த்தால், வழியே இல்லை.

இந்திய வரம்புகள் கடுமையானவை. பாதரசத்துக்கு நம் வரம்பு கிலோவுக்கு 0.15 மில்லிகிராம், அமெரிக்காவுக்கு 17. ஈயத்துக்கு நமக்கு 100, அவர்களுக்கு 300. பெருமைப்படலாம், ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தாளில் வரம்பு கடுமையாகவும் ஊரில் பரிசோதனை அபூர்வமாகவும் இருந்தால், நேர்மையாக மட்கவைத்துப் பையில் கட்டி விற்கிறவர்தான் மாட்டிக்கொள்வார். ராத்திரி லாரியில் சும்மா கொட்டுகிறவரை எந்த வரம்பும் தொடாது.

மண்ணின் குணமும் சேர்ந்து வேலை செய்யும். அமில மண்ணில் உலோகம் கரைந்து வேருக்குப் போகும். சுண்ணாம்பு போட்டுப் பிஎச் ஏற்றினால் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பெங்களூரைச் சுற்றிப் பல இடங்களில் செம்மண் லேசான அமிலம்தான். பயிர்களில் கீரைகள் காட்மியத்தை அதிகம் இழுக்கும். பழத்துக்கும் விதைக்கும் போய்ச் சேர்வது பொதுவாகக் குறைவு, நெல் ஒரு விதிவிலக்கு. ஆக, ஒரே கசடைத் தென்னைக்குப் போடுவதும் பாலக்கீரைக்குப் போடுவதும் ஒன்றல்ல. முழுக்கக் கிருமி நீக்காத கசடு போட்ட நிலத்தில் மண்ணைத் தொட்டு விளையும் பொருளை 14 மாதம் அறுக்கக் கூடாது என்கிறது அதே அமெரிக்க விதி. உடனே மண்ணுக்குள் உழுதுவிட்டால் கேரட், முள்ளங்கி போன்ற கிழங்குகளுக்கு 38 மாதம். நம் தோட்டங்களில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கொத்தமல்லி எடுக்கிறவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்.

மணிச்சத்திலும் ஒரு சிக்கல் உண்டு. தழைச்சத்துத் தேவைக்கு ஏற்பக் கசடு போட்டால் பாஸ்பரஸ் தேவையைவிடப் பல மடங்கு விழுகிறது. வருஷா வருஷம் சேர்ந்து, மழையில் மண்ணோடு அடித்துக்கொண்டு ஏரிக்குப் போனால் ஆகாயத்தாமரைக்குக் கொண்டாட்டம். அளவுக்கு மிஞ்சிய தழைச்சத்து நைட்ரேட்டாகி ஆழ்துளைக் கிணற்றில் இறங்கும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது நம் தர அளவு.

மேலை நாடுகள் இந்த விஷயத்தில் ஒரே வழியில் போகவில்லை. அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1926இலிருந்து தன் கசடைக் காயவைத்து 'மில்ஆர்கனைட்' என்று பெயரிட்டுப் புல்தரை உரமாக விற்கிறது. மெய்ன் மாநிலமோ 2022இல் நிலத்தில் கசடு போடுவதையே தடைசெய்தது. காரணம் பிஃபாஸ் என்ற வேதிப்பொருள் குடும்பம்: ஒட்டாத தவா, தண்ணீர் ஒட்டாத துணி, தீயணைப்பு நுரை இவற்றிலெல்லாம் இருப்பது, மண்ணில் சிதையாதது. பல வருஷத்துக்கு முன்பு சட்டப்படி, அனுமதி வாங்கிக் கசடு போட்ட பால் பண்ணைகளின் கிணற்றிலும் பாலிலும் அது வந்து நின்றது. போட்ட காலத்தில் யாரும் அதைத் தேடிப் பார்க்கவில்லை. சுவிட்சர்லாந்து அதற்கும் முன்பே, 2000களில், வயலில் கசடு போடுவதை நிறுத்திவிட்டு எரிக்கப் போய்விட்டது. எரித்த சாம்பலிலிருந்து பாஸ்பரஸை மீட்பது அடுத்த கட்டம். ஜெர்மனி பெரிய நிலையங்களுக்கு 2029 முதல் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பாஸ்பேட் பாறையின் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நமக்கும் அந்தச் சாம்பல் மீது கண் இருக்க வேண்டும். ஆனால் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீராக இருக்கும் கேக்கை எரிப்பது ஈர விறகை எரிப்பதுபோல. பணக்கார நாட்டு வேலை.

எனக்குப் பிடித்தது ஸ்வீடனின் வழி. அங்கே 2008 முதல் ரெவாக் என்று ஒரு சான்றளிப்பு இருக்கிறது. கசடை வயலுக்கு அனுப்ப விரும்பும் நிலையம், கடைசியில் வரும் கசடைச் சோதித்தால் மட்டும் போதாது. மேலே குழாய்களில் ஏறிப்போய் எந்தப் பட்டறை எதை ஊற்றுகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும்.

பெங்களூருக்கு இந்த வகையில் ஒரு அதிர்ஷ்டம் வாய்த்திருக்கிறது, தெரியாமலேயே. அடுக்ககங்களில் ஆயிரக்கணக்கான சின்ன எஸ்டிபிகள். அவற்றுக்குள் பட்டறைக் கழிவு வருவதில்லை. வருவது சோப்பும் சாப்பாடும் மனிதக் கழிவும். முழுக்கத் தூய்மை என்று சொல்லமாட்டேன். துத்தநாகம் பூசிய ஜிஐ குழாயிலிருந்து துத்தநாகம் வரும், மாத்திரைகளின் மிச்சம் வரும், பாலியஸ்டர் இழை வரும். ஆனாலும் விருஷபாவதிப் பக்கத்துக் கசடோடு ஒப்பிட்டால் இது எருவாகத் தகுதியான சரக்கு. நகரத்திலேயே நல்ல கசடு இங்கேதான் இருக்கிறது. எங்கே போகிறது என்ற கணக்கே இல்லாமல் போவதும் இதுதான். பெரிய நிலையத்துக்காவது ஒரு கேட், ஒரு எடை மேடை, ஒரு பதிவேடு இருக்கும். எங்கள் சாக்குகளுக்கு என்ன இருக்கிறது? ஒரே லாரி ஒரே நாளில் எங்கள் கேக்கையும் வேறு எங்கோ பட்டறைப் பகுதியில் உறிஞ்சியதையும் சேர்த்துக் கொட்டினால் அந்த நல்லதும் போச்சு.

வீட்டுக் கசடைத் தனியாக வைக்க வேண்டும், வட்டாரத்துக்கு ஒரு இடத்தில் சேர்த்துக் காய்ந்த இலையோடு மட்கவைக்க வேண்டும், உலோகம் சோதித்து எழுதிக் கொடுக்க வேண்டும், மல்பெரிக்கும் பூவுக்கும் மரத்துக்கும் முதலில், கீரைக்கு வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இதை அடுக்ககங்கள் தனித்தனியாகச் செய்ய முடியாது. நாலு சாக்கைக் குவித்தால் 55 டிகிரி ஏறாது, வாடைதான் ஏறும். நாங்கள் செய்த ஒரே காரியம், எஸ்டிபி நோட்டில் மோட்டார், பிஎச், குளோரின் என்ற பத்திகளுக்குப் பக்கத்தில் 'கேக்: எத்தனை சாக்கு, எங்கே' என்று ஒரு பத்தி சேர்த்தது. முதல் செவ்வாய்க்கிழமை நானே பேனாவோடு நின்றேன்.

"எந்தத் தோட்டம்ணா?"

"மாலூர் பக்கம் சார். மல்பெரி."

நிம்மதியாக இருந்தது. எழுதிக்கொண்டேன். அப்புறம், போன வாரத்து வரியையும் நிரப்பிவிடலாம் என்று கேட்டேன்.

"போன வாரம் வேற இடம் சார்," என்று சொல்லி அவர் வண்டியை எடுத்தார்.